ஷமீம் பானு மூன்றாகப் பிரித்த பெட்டி

ஷமீம் பானு 1972-இல் தென்காசியில் ஒரு டிரஸ்ட் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். மொட்டைக் கோபுரத்திலிருந்து நாலு தெரு தள்ளி இருந்த சின்ன ஆஸ்பத்திரி. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தாள், எழுத்து அச்சடித்தது மாதிரி இருக்கும். அதனால் ரத்தப் பரிசோதனை அறையில் எழுத்து வேலை கொடுத்தார்கள். கணவன் ஒலி முகம்மது கல்யாணமான ஏழாம் மாதமே தோஹாவுக்குப் போய்விட்டான். வீட்டில் மாமியார் ஹைருன் பீவி மட்டும். வேலைக்குப் போவதைப் பற்றித் தெருவில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஹைருன் பீவி எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "அவ ஆஸ்பத்திரிக்கிப் போறா, நீங்க அங்கன வராம இருங்க."

அப்போது ஊரில் ரத்த வங்கி என்று எதுவும் கிடையாது. யாருக்காவது ரத்தம் ஏற்ற வேண்டுமென்றால் சொந்தக்காரர்கள் கையை நீட்ட வேண்டும். அவர்கள் ரத்தம் சேரவில்லையென்றால், லேப்காரர் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிப்போய் முன்பின் தெரியாத ஆட்களிடம் கெஞ்சுவார். இரண்டு வருஷம் இதைப் பார்த்தபின் பானு ஒரு காரியம் செய்தாள். பரிசோதனைக்கு வருகிறவர்களில் ரத்தம் தரச் சம்மதிக்கிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு அட்டை எழுதினாள். பெயர், ரத்த வகை, ஊர், எங்கே போய்க் கேட்டால் ஆள் கிடைப்பார், கடைசியாக என்றைக்கு ரத்தம் கொடுத்தார். ஒருமுறை கொடுத்தவரை மூன்று மாதத்துக்குக் கூப்பிடக் கூடாது என்பது டாக்டர் சந்தானகிருஷ்ணன் போட்ட சட்டம். அதனால் அந்தக் கடைசி வரிதான் அட்டையில் முக்கியம்.

1979-இல் அட்டைகள் ஆயிரத்து எண்ணூறைத் தாண்டின. நீளமான மரப்பெட்டி ஒன்றில் ரத்த வகைவாரியாக அடுக்கியிருந்தாள். பெட்டியின் சாவி அவளிடம். டிரஸ்ட் இதற்குள் குற்றாலத்திலும் ஆலங்குளத்திலும் கிளை ஆஸ்பத்திரிகள் திறந்துவிட்டது. சீசன் வந்தால் அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவர்கள் குற்றாலத்தில் குவிவார்கள். ஆலங்குளத்தில் பிரசவக் கேஸ்கள். எங்கே ரத்தம் வேண்டுமானாலும் தென்காசிக்குப் போன் வர வேண்டும், பானு பெட்டியைத் திறந்து பெயர் சொல்ல வேண்டும். ஒரே போன், ஒரே பெட்டி, ஒரே ஆள். ஒருநாள் அவள் சாப்பிடப் போன முக்கால் மணி நேரத்தில் குற்றாலத்திலிருந்து ஆறு தடவை கூப்பிட்டிருந்தார்கள். அன்றைக்கு உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் டாக்டர் மறுநாள் அவளைக் கூப்பிட்டார்.

"பெட்டியை மூணாப் பிரிச்சிரலாம், பானு. எப்படிப் பிரிக்கணும்கிறதை நீயே முடிவு பண்ணு. உனக்குத்தான் அது அத்துப்படி."

அவள் ஒரு வாரம் யோசித்தாள். பெயரின் முதலெழுத்துப்படி பிரித்தால் மூன்று பெட்டியும் ஒரே அளவாக இருக்கும். ஆனால் ஆலங்குளத்துக்காரனின் அட்டை குற்றாலத்தில் கிடக்கும். ரத்த வகைப்படி பிரித்தால் ஓ பாசிட்டிவ் பெட்டி மட்டும் நிரம்பி வழியும், அதை வைத்திருப்பவருக்குத் தூக்கம் இராது. ஊர்ப்படி பிரித்தால் பக்கத்து ஆள் பக்கத்துப் பெட்டியிலேயே கிடைப்பார். அவசரத்துக்கு அதுதான் நல்லது என்று பட்டது. ஊர்ப்படியே பிரித்தாள். ஆலங்குளம் பெட்டி கம்பவுண்டர் பலவேசத்திடம் போனது. குற்றாலம் பெட்டி நர்ஸ் சாவித்ரியிடம். தென்காசியும் சுற்றுப்புறமும் அவளிடம் இருந்தன. யாராவது ஊர் மாறினால் அட்டையைக் கவரில் போட்டு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து தென்காசிக்கு அனுப்ப வேண்டும், அவள் பார்த்து உரிய பெட்டிக்கு அனுப்புவாள். புதிதாக எழுதுகிற அட்டைகளின் விவரம் மாதக் கடைசியில் அவளுக்கு வரும்.

நெகட்டிவ் வகைக்காரர்களை மட்டும் பிரிக்காமல் ஒரே இடத்தில் வைக்கலாமா என்று ஒரு யோசனை வந்தது. மொத்தமே எழுபது பேர்தான். பிறகு, சட்டத்துக்கு ஒரு விதிவிலக்கு வைத்தால் பலவேசம் அண்ணாச்சி குழம்பிவிடுவார் என்று விட்டுவிட்டாள்.

ஒன்றரை வருஷம் எல்லாம் நன்றாகவே நடந்தது.

1981 ஜூலையில் ஒரு திங்கட்கிழமை. நாலு நாளாகச் சாரல் விடவில்லை, காற்று வேறு. பகல் பன்னிரண்டே முக்காலுக்கு ஆலங்குளத்திலிருந்து போன் வந்தது. கரகரப்புக்கு நடுவில் பலவேசத்தின் குரல்.

"பானும்மா, ஓ நெகட்டிவ் வேணும். மாரித்தாய்னு நெட்டூர்ப் பிள்ள. காலைல பிரசவம் ஆச்சு, குழந்த நல்லாருக்கு. தாய்க்கு ரத்தம் நிக்க மாட்டேங்கு. டாக்ஸில ஏத்தி அங்கன அனுப்பிட்டோம், ஒன்னே முக்காலுக்கெல்லாம் வந்துரும்."

"ஒங்க பெட்டில யாரு இருக்கா, அண்ணாச்சி?"

"ரெண்டு பேரு. ஒருத்தன் துபாய்க்குப் போயிட்டான். இன்னொருத்தனுக்கு மஞ்சக் காமாலை. மூணாவதா ஒருத்தன் இருந்தாம்லா, அவன் கார்டை நான் வெள்ளிக்கெழம அன்னைக்கே..."

அத்தோடு லைன் செத்துவிட்டது. பானு கொக்கியைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். எக்ஸ்சேஞ்சில் கேட்டால், பாவூர்சத்திரம் பக்கம் மரம் விழுந்து கிழக்கே போகிற லைன் எல்லாம் போய்விட்டது, திருநெல்வேலிக்கும் கிடையாது என்றார்கள்.

தன் பெட்டியைத் திறந்தாள். ஓ நெகட்டிவ் நாலு அட்டை. ஒருவர் போன மாதம்தான் கொடுத்தவர். ஒருத்தி ஆறு மாதக் கர்ப்பம். ஒரு வாத்தியார் ராயகிரிக்கு மாற்றலாகிப் போனவர், அந்த அட்டையில் புது விலாசம்கூட இல்லை. நாலாவது ஆள் மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பது தெருவுக்கே தெரியும்.

டாக்டரிடம் ஓடினாள். அவர் கேட்டுக்கொண்டே கையைக் கழுவினார். "ஒரு மணி பஸ்ல லேப்காரரை ஐஸ் பெட்டியோட பாளையங்கோட்டைக்கு அனுப்பு. பெரிய ஆஸ்பத்திரில குடுப்பாங்க. ஆனா திரும்பி வர ஆறு மணி ஆயிரும். அதுவரைக்கும் அந்தப் பொண்ணு தாங்காது. ரெண்டு மணிக்குள்ள ஒரு ஆளைக் கொண்டா."

வெள்ளிக்கிழமை. பலவேசம் வெள்ளிக்கிழமை என்ன சொல்ல வந்தார்? அட்டையைக் கிழித்துப் போட்டாரா, அனுப்பினாரா? அனுப்பியிருந்தால் அது எங்கே? தன் அறைக்குத் திரும்பியவளின் கண் மேஜையோரத்து டிரேயில் விழுந்தது. மருந்துக் கம்பெனிக் காகிதங்களுக்கு அடியில் ஒரு பழுப்புக் கவரின் மூலை தெரிந்தது. சனிக்கிழமை கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனது. சீசன் கூட்டத்தில், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று அவளேதான் அங்கே வைத்தாள்.

கிழித்தாள். ஒரே அட்டை. 'ஆதித்தன், வயது 27, ஓ நெகட்டிவ். கடைசியாகக் கொடுத்தது: அக்டோபர் 1980.' கீழே பலவேசத்தின் கோழிக்கிறுக்கல்: 'குற்றாலம் போய்விட்டார். ஐந்தருவிப் பக்கம் எண்ணெய் தேய்க்கும் வேலை.'

மூன்று நாளாக இந்த மனிதன் எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆலங்குளத்திலிருந்து எடுத்தாகிவிட்டது, குற்றாலத்துக்குப் போய்ச் சேரவில்லை. குற்றாலத்தில் கேட்டிருந்தாலும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள். தன் தப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள்.

மணி ஒன்று ஐந்து. குற்றாலம் ரோடு முழுக்க வண்டிகள். மலையாளத்திலிருந்து வந்த டூரிஸ்ட் பஸ்கள் ஓரமாக நிற்காமல் நடுவிலேயே நின்றன. டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கிளை ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி சாவித்ரியிடம் ஓடினாள்.

"ஓ நெகட்டிவ், சாவித்ரி. ஆதித்தன்னு யாராவது இருக்கா?"

சாவித்ரி பெட்டியை இழுத்து விரலை ஓட்டினாள். "அந்தப் பேர்ல இல்லயே. ஓ நெகட்டிவ்ல ஒரே ஒரு ஆளுதான். ஆதின்னு ஒருத்தர், புதுசா எழுதினேன். ஆனா பன்னெண்டு நாளைக்கு முன்னாலதான் குடுத்தாரு, பெரிய அருவில விழுந்த கேஸுக்கு. அவரைக் கூப்பிட முடியாது."

பானு காதில் கடைசி வாக்கியம்தான் விழுந்தது. கூப்பிட முடியாதவரைப் பற்றி யோசிக்க நேரமில்லை. "சரி, நான் ஐந்தருவிக்குப் போறேன்" என்று திரும்பினாள்.

ஐந்தருவியில் தலைகளாகத் தெரிந்தன. தண்ணீர்ச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. எண்ணெய்க்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். முக்காடு போட்ட பெண் ஒருத்தி, துண்டோடு உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு நடுவே போய் ஒவ்வொருவரிடமாகப் பெயர் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஒருவன், "என்ன லாத்தா, ஆளு கடன் வாங்கிட்டு ஓடிட்டானா?" என்றான். அவள் அடுத்த பலகைக்குப் போனாள். கடைசியில் நாலாவது ஆளோ ஐந்தாவது ஆளோ கையைக் காட்டினான். கருத்து ஒல்லியான ஒருவன் ஒரு தடித்த மனிதரின் முதுகில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆலங்குளம் ஆதித்தன் நீங்கதானே? பலவேசம் அண்ணாச்சிகிட்ட ரத்தத்துக்குப் பேரு குடுத்திருக்கிய."

"ஆமா."

"பிள்ளை பெத்த ஒருத்திக்கு வேணும். தென்காசி வரைக்கும் இப்பமே வரணும்."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். எதையோ சொல்ல வாயெடுத்தவன் மாதிரி இருந்தது. பிறகு தடித்த மனிதரிடம், "அண்ணாச்சி, மிச்சத்த அவன் தேச்சு விடுவான்" என்று பக்கத்துப் பலகையைக் காட்டிவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

ஜீப் திரும்பும்போது மணி ஒன்று நாற்பது. வளைவில் வண்டி குலுங்க, ஆதித்தன் மேல்கம்பியைப் பிடித்தான். சட்டைக்கை மேலே ஏறியது. முழங்கையின் உள்மடிப்பில், எண்ணெய்ப் பளபளப்புக்கு அடியில், மஞ்சளும் பச்சையுமாக ஒரு கன்றல் இருந்தது. ஒன்பது வருஷமாகப் பானு பார்க்கிற அடையாளம் அது. ஊசி இறங்கி பத்துப் பன்னிரண்டு நாளில் அந்த நிறத்துக்கு வரும்.

ஆதி. பன்னிரண்டு நாள். சாவித்ரி சொன்னது இப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது. ஆதித்தனும் ஆதியும் ஒரே ஆள். ஒரு மனிதனுக்கு இரண்டு அட்டை. ஒன்று அக்டோபரில் கொடுத்தான் என்கிறது, மற்றது போன வாரத்துக்கு முந்தின வாரம் என்கிறது. அவள் கையிலிருப்பது பழசு.

"ஆதித்தன், சாவித்ரி நர்ஸ்கிட்ட ரத்தம் குடுத்தியளா?"

அவன் ரோட்டைப் பார்த்தான். "குடுத்தேன். ஆதின்னு சொன்னா போதும்னாங்க, சொன்னேன்."

"அங்கனயே சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். நீங்க எத்தன பேருகிட்ட கேட்டுட்டு வந்தியன்னு பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எனக்கு ஒண்ணும் செய்யாதுக்கா. டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க, வேண்டாம்னுருவாரு."

பானு வெளியே பார்த்தாள். சொல்லாவிட்டால் டாக்டர் முழுப் பாட்டில் எடுப்பார். சொன்னால் எடுக்கவே மாட்டேன் என்று சொல்லலாம். பாளையங்கோட்டை பஸ் ஆறு மணிக்கு வரும். அட்டை பொய் சொல்கிறது என்பது இந்த ஜீப்பில் இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஆஸ்பத்திரி வாசல் வருவதற்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாசலில் ஆலங்குளத்து டாக்ஸி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. பின்சீட் விரிப்பை யாரோ உருவி வெளியே போட்டிருந்தார்கள். அது இருந்த நிறத்தை அவள் பார்த்தாள்.

இறங்கியதும் நேரே டாக்டரிடம் போய் ஒரே மூச்சில் சொன்னாள். "ஆளு கிடைச்சாச்சு சார். ஆனா பன்னெண்டு நாளைக்கு முன்னால குற்றாலத்துல ஒரு பாட்டில் குடுத்திருக்காரு. கார்டுல இல்ல. தப்பு என்னோடது."

டாக்டர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். ஆதித்தனின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாடி பிடித்தார். "பாதிதான் எடுப்பேன். அதுக்கு மேல ஒரு சொட்டு கிடையாது. நாளைக்கு இவர் இங்கயே படுக்கணும், பானு. வேலைக்குப் போகக் கூடாது."

அரைப் பாட்டில். அதையும் குளுக்கோஸையும் வைத்துக்கொண்டு டாக்டர் நாலு மணி நேரம் மாரித்தாயைப் பிடித்து வைத்திருந்தார். பானு வராந்தாவில் நின்று, கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருப்பதையும், நர்ஸ் கால் மணிக்கு ஒருமுறை எழுதுகிற ரத்த அழுத்த எண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்கு அந்த எண் இறங்கியது. மூன்றரைக்கு இன்னும் இறங்கியது. நாலரைக்கு அப்படியே நின்றது. ஆறு பத்துக்கு லேப்காரர் நனைந்துபோய் ஐஸ் பெட்டியோடு வந்து சேர்ந்தார், இரண்டு பாட்டில் கொண்டு வந்திருந்தார். மாரித்தாய் பிழைத்தாள்.

ஆதித்தன் இரவு மட்டும் தங்கினான். காலையில் யாரிடமும் சொல்லாமல் முதல் பஸ்ஸில் போய்விட்டான். சீசனில் ஒருநாள் பலகை காலியாகக் கிடந்தால் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான். பதினோரு மணிக்கு ஐந்தருவிப் படியில் கண் இருட்டி விழுந்தான். இடது மணிக்கட்டு முறிந்தது.

பானு மாவுக்கட்டைப் பார்க்கப் போனாள். அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது. கிளம்பும்போது மட்டும் சொன்னான்: "என் பேரை எடுத்துருங்கக்கா. இன்னொரு தடவ வந்து கேட்டா நான் மாட்டேன்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் சொல்லுதேன், கேக்காதீங்க."

அவள் இரண்டு அட்டைகளையும் தன் கையால் கிழித்தாள். ஒன்று தென்காசியில், ஒன்று குற்றாலத்தில். குற்றாலத்து அட்டையைக் கிழிக்கும்போது சாவித்ரி அழுதாள். "நான் அப்பவே முழுப் பேரைக் கேட்டிருக்கணும்."

"நீ கேட்டிருந்தாலும் எனக்கு மாசக் கடைசிலதான் தெரிஞ்சிருக்கும்" என்றாள் பானு.

டாக்டர் பெட்டிகளை மறுபடி ஒன்றாக்கிவிடலாமா என்று கேட்டார். அவள் இரண்டு நாள் கழித்து வேண்டாம் என்றாள். ஒன்றாகவே இருந்திருந்தால் அன்றைக்குப் பலவேசத்திடம் அந்த இரண்டு பெயர்கூட இருந்திருக்காது, லைன் போனதும் அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார். பிரித்தது தப்பாகப் படவில்லை. மூன்று பெட்டிக்கும் நடுவில் இருக்கிற ரோட்டை அவள் யோசிக்கவே இல்லை, அதுதான் தப்பு.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் மூன்று பெட்டி அட்டைகளையும் திரும்ப எழுதினாள். பெயரை நம்பாமல் ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்தாள். அந்த நம்பரைச் சின்னச் சீட்டில் எழுதி அவரவரிடமே கொடுத்து, எந்த ஊரில் ரத்தம் கொடுத்தாலும் இதைக் காட்ட வேண்டும் என்றாள். ஊர் மாறினால் பழைய அட்டையை உடனே எடுக்கக் கூடாது, புதுப் பெட்டியிலிருந்து வந்து சேர்ந்தது என்று பதில் வந்த பிறகுதான் எடுக்க வேண்டும். நெகட்டிவ் ஆட்கள் எழுபது பேரின் அட்டைகளும் மூன்று பெட்டியிலும் அச்சாக ஒன்றுபோல இருக்கும். அவர்களில் ஒருவர் ரத்தம் கொடுத்தால் அன்று மதியப் பஸ்ஸிலேயே மற்ற இரண்டு ஊருக்கும் துண்டுச் சீட்டு போக வேண்டும். சீட்டுகளுக்கும் வரிசை எண். பதினேழுக்கு அப்புறம் பத்தொன்பது வந்தால் பதினெட்டு எங்கே என்று கேட்டு ஆள் அனுப்ப வேண்டும்.

பலவேசம் முணுமுணுத்தார். "ஒரு கார்டை மூணு தடவ எழுதச் சொல்லுதிய. இதுக்கு நான் பள்ளிக்கூடத்துலயே இருந்திருப்பேனே." ஆனால் எழுதினார். முதல் ஆறு மாதத்தில் பதினொரு சீட்டுகள் வழியில் தொலைந்தன. பதினொன்றும் தொலைந்தது அந்தந்த வாரத்திலேயே தெரிந்தது. ஒருமுறை தொலைந்த சீட்டைத் தேடி பானுவே ஆலங்குளம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரின் பையைக் கொட்டச் சொல்லிச் சண்டை போட்டாள்.

1983 டிசம்பரில் பெருமழை. இரண்டு நாள் போன் இல்லை, பாதி பஸ் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஆலங்குளத்துக் கண்டக்டர் ஈரக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். பானு நின்றுகொண்டே பிரித்தாள். சீட்டு எண் இருநூற்று நாலு. பி நெகட்டிவ், கிணற்றில் விழுந்த ஒரு விவசாயிக்கு. பாவூர்சத்திரத்தில் இருக்கும் ஒருவர் கொடுத்திருக்கிறார். அவருடைய ஊர்ப்படி அது தென்காசிப் பெட்டி அட்டை. பலவேசம் தன்னிடமிருந்த நகலைப் பார்த்து, தேதி சரியாக இருக்கிறதென்று உறுதி செய்து, மழைக்குள் டிராக்டர் அனுப்பி ஆளைக் கொண்டுவந்திருக்கிறார். காயம்பட்டவர் பிழைத்து இரண்டாம் நாள் கஞ்சி குடித்தார் என்றும் ஓரத்தில் அதே கோழிக்கிறுக்கலில் எழுதியிருந்தார்.

எல்லாம் முடிந்து ஒன்றரை நாளுக்கு அப்புறம்தான் அவளுக்குத் தெரிகிறது. யாரும் அவளைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. பானுவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே, தான் இல்லாமலே ஒரு கல்யாணம் நடந்து முடிந்த வீட்டுக்குள் நுழைவது மாதிரி கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. தன் பெட்டியைத் திறந்து அந்த மனிதரின் அட்டையில் தேதியை எழுதினாள். பிறகு குற்றாலத்துக்குச் சீட்டு போய்ச் சேர்ந்ததா என்று கேட்பதற்காக, அன்று காலைதான் லைன் திரும்பியிருந்த போனை எடுத்தாள்.